மனுவா, புறக்கணிப்பா, பிரிவா: 1774 முதல் 1776 வரை அமெரிக்கக் காலனிகள் எடைபோட்ட வழிகள்

1774 செப்டம்பர் 5 அன்று பிலடெல்பியாவின் கார்ப்பென்டர்ஸ் ஹாலில் பன்னிரண்டு காலனிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். காலனிகளின் இந்தப் பொதுச் சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். ஜார்ஜியா ஆள் அனுப்பவில்லை. பிரிட்டனை விட்டுப் பிரிவதென்ற தீர்மானம் எதுவும் அந்தக் கூட்டத்தில் வரவில்லை. பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டத்தையும் மாசசூசெட்ஸின் சாசனத்தை மாற்றிய சட்டத்தையும் எப்படித் திரும்பப் பெறவைப்பது என்பதுதான் அன்றைய பேச்சு. இருபத்திரண்டே மாதங்களில் பதின்மூன்று காலனிகளும் பேரரசிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்தன.

பாடப்புத்தகங்கள் இதை வரி, தேயிலை, துப்பாக்கிச் சூடு, பிரகடனம் என்று நேர்கோடாகச் சொல்லிவிடும். உண்மையில் அந்த இருபத்திரண்டு மாதங்களில் குறைந்தது ஐந்து வழிகள் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றையும் விவரம் தெரிந்தவர்கள் ஆதரித்தார்கள். அவற்றை ஒப்பிட மூன்று கேள்விகள் போதும். எதிர்த்தரப்பில் ‘சரி’ சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கையிலிருந்த பணத்தையும் வெடிமருந்தையும் வைத்து எத்தனை நாள் தாங்க முடியும்? சரிப்படவில்லை என்றால் பின்வாங்க இடம் உண்டா?

அரசருக்கு மனு

செலவு மிகக் குறைந்த வழி இதுதான். 1765-இன் முத்திரைத்தாள் சட்டம் மறு ஆண்டே ரத்தானது, எதிர்ப்புக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கையை வளர்த்திருந்தது. ஆனால் ரத்து செய்த அதே 1766 மார்ச்சில், காலனிகளை எல்லா விஷயங்களிலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றும் உரிமை தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுவைத்தது. பிறகு வந்த ஒவ்வொரு சமரசமும் இந்தச் சட்டத்தில்தான் முட்டி நின்றது.

காலனிகளின் வாதம் இப்படி: அரசர் எங்களுக்கும் அரசர், ஆனால் நாங்கள் ஆள் அனுப்பாத நாடாளுமன்றம் எங்களுக்கு நாடாளுமன்றம் அல்ல. ஆகவே மனுவை அரசருக்கே எழுதினார்கள். இதில் அடிப்படைக் கோளாறு ஒன்று உண்டு. நாடாளுமன்றத்தின் கையை ஓங்கவைத்த 1688 புரட்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசரின் அதிகாரம் நாடாளுமன்றத்தோடு பின்னிய அதிகாரம். நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டுக் காலனிகளோடு நேரடி உறவு வைத்திருந்தால், ஜார்ஜ் 3 தம் நாட்டு அரசியல் அமைப்பையே மீறியவர் ஆகியிருப்பார். யாரிடம் மனு போனதோ அவரால் கேட்டதைத் தர முடியாது.

1775 ஜூலையில் பென்சில்வேனியாவின் பிரதிநிதி ஜான் டிக்கின்சன் வற்புறுத்தி அனுப்பவைத்த கடைசிச் சமாதான மனுவின் கதி இதற்குச் சான்று. ஜூலை 8-இல் கையெழுத்தானது. ரிச்சர்ட் பென் அதை எடுத்துக்கொண்டு கப்பலேறி ஆகஸ்ட் நடுவில் லண்டன் சேர்ந்தார். அரசர் அதை வாங்கவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அரச அறிவிப்பு வெளியானது. இதற்கிடையில் டிக்கின்சனைக் கிண்டலடித்தும் போர் ஏற்பாடுகளை வலியுறுத்தியும் மாசசூசெட்ஸின் பிரதிநிதி ஜான் ஆடம்ஸ் எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷார் கையில் சிக்கி அச்சேறின. மனு உள்ளன்போடு எழுதப்பட்டதல்ல என்று சொல்ல லண்டனுக்கு அது வசதியாகப் போனது. இருந்தாலும் மனு வீணாகவில்லை. எல்லா வழியையும் பார்த்தாயிற்று என்று தயங்கியவர்களிடம் காட்ட அது உதவியது.

லண்டன் பக்கமிருந்தும் ஒன்று வந்தது. தன் பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு காலனி தானே பணம் திரட்டித் தந்தால், அந்தக் காலனி மீது வரி போடமாட்டோம் என்று 1775 பிப்ரவரியில் பிரதமர் நார்த் முன்மொழிந்தார். எவ்வளவு திரட்டினால் போதும் என்பதை அரசரும் நாடாளுமன்றமும்தான் முடிவு செய்யும். ஒவ்வொரு காலனியோடும் தனித்தனிப் பேச்சு. பதின்மூன்றையும் பிரித்து வைக்கும் தந்திரம் இது என்று பார்த்த காங்கிரஸ் ஜூலை 31-இல் நிராகரித்தது.

காலோவேயின் கூட்டுச் சபை

பென்சில்வேனியாவின் ஜோசப் காலோவே 1774 செப்டம்பர் 28 அன்று வைத்த திட்டத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அரசர் நியமிக்கும் ஒரு தலைமை ஆளுநர், காலனிச் சட்டசபைகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் ஒரு பெருஞ்சபை. காலனிகளுக்கான பொதுச் சட்டத்துக்கு இந்தச் சபையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் இரண்டுமே ஒப்ப வேண்டும். ஒன்றை மற்றது தடுக்கலாம். தாளில் பார்த்தால் இதைவிடச் சமநிலையான ஏற்பாடு வேறு இல்லை. அதை ஒத்திவைக்க ஆறு காலனிகள் வாக்களித்தன, ஐந்து எதிர்த்தன. பிறகு நடவடிக்கைக் குறிப்பிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள்.

ஒரு வாக்கில் போன வாய்ப்பு என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அது மிகை. தன் சட்டத்தைத் தடுக்கும் உரிமையைக் காலனிகளுக்குத் தருவதென்றால் 1766 சட்டத்தை நாடாளுமன்றமே விழுங்க வேண்டும். அதற்கான மனநிலை அன்று லண்டனில் இல்லை. 1754-இல் ஆல்பனியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முன்வைத்த இதே மாதிரியான கூட்டமைப்பைக் காலனிச் சட்டசபைகளும் ஏற்கவில்லை, லண்டனும் ஏற்கவில்லை. காலோவே பின்னாளில் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து, 1778-இல் இங்கிலாந்துக்கே போய்விட்டார்.

வணிகப் புறக்கணிப்பு

முதல் காங்கிரஸ் உண்மையில் தேர்ந்தெடுத்த வழி இதுதான். 1774 அக்டோபர் 20-இல் நிறைவேறிய உடன்பாட்டை வாசித்தால், எழுதியவர்களுக்கு வணிகம் எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். மூன்று படிகள்: டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு இறக்குமதி நிறுத்தம். 1775 மார்ச் 1 முதல் அந்தச் சரக்கை வாங்குவதும் பயன்படுத்துவதும் நிறுத்தம். அதற்குள் வழிக்கு வராவிட்டால் செப்டம்பர் 10 முதல் ஏற்றுமதியும் நிறுத்தம். ஏற்றுமதித் தடைக்கு ஏன் அவ்வளவு தவணை? வர்ஜீனியாவின் புகையிலை அறுவடையான பிறகு பக்குவப்படுத்தி, பீப்பாயில் அடைத்து, மறு ஆண்டுதான் கப்பலேறும். 1774-இன் விளைச்சலை விற்றுக் கடனை அடைக்காமல் தோட்டக்காரர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

தென் கரோலினா இதைவிட முரண்டு பிடித்தது. அரிசியும் அவுரியும்தான் அதன் பிழைப்பு. பிரதிநிதிகள் ஐவரில் நால்வர் வெளிநடப்புச் செய்தார்கள். கடைசியில் ஐரோப்பாவுக்குப் போகும் அரிசிக்கு மட்டும் விலக்கு கொடுத்துச் சமாளித்தார்கள். அவுரி மாட்டிக்கொண்டது. ஒருமித்த முடிவு என்று சொல்லப்படுவதற்குள் இப்படிப் பேரங்கள் நிறைய இருந்தன.

அமலாக்கம்தான் இதன் பலம். ஒவ்வொரு மாவட்டத்திலும் நகரிலும் ஊரிலும் ஒரு குழு. உடன்பாட்டை மீறியவரின் பெயர் செய்தித்தாளில் வெளியாகும், பிறகு அவரோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. டிசம்பர் 1-க்கும் பிப்ரவரி 1-க்கும் இடையே வந்திறங்கும் சரக்குக்கு உரிமையாளரிடம் மூன்று வாய்ப்பு கொடுக்கப்பட்டது: திருப்பி அனுப்பலாம், குழுவின் பொறுப்பில் கிடங்கில் வைக்கலாம், அல்லது விற்று முதலை எடுத்துக்கொண்டு லாபத்தைப் பாஸ்டன் ஏழைகளுக்கு விடலாம். பிப்ரவரிக்குப் பின் வந்தால் கட்டைப் பிரிக்காமலே திரும்ப வேண்டும். தட்டுப்பாட்டைக் காட்டி விலையேற்றக் கூடாது. கம்பளிக்காக ஆடு வளர்ப்பைப் பெருக்க வேண்டும். குதிரைப் பந்தயமும் சேவல் சண்டையும் வேண்டாம். துக்க வீட்டில் கையுறை கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும்.

பிரிட்டனிலிருந்து வந்த இறக்குமதி 1775-இல் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சரிந்தது. புறக்கணிப்பு நடந்தது, ஆனால் பலிக்கவில்லை. காரணம் இரண்டு. 1766-இல் நாடாளுமன்றத்தில் காலனிகளுக்காக வாதாடிய பிரிட்டிஷ் வணிகர்களுக்கு இம்முறை ஐரோப்பாவில் வேறு வாங்குவோர் கிடைத்தார்கள். முன்புபோல் அவர்கள் கூச்சல் போடவில்லை. இரண்டாவது, புறக்கணிப்பு பலன் தர ஓரிரு ஆண்டுகள் வேண்டும். மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்துப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 வரைதான் அவகாசம் இருந்தது.

ஆனால் அந்தக் குழுக்கள் கலையவில்லை. பெயர்ப் பட்டியல் வைத்து, கிடங்கைப் பூட்டி, தகராறு தீர்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான உள்ளூர்க்காரர்கள், அரசரின் ஆளுநர்கள் வெளியேறியபோது நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். கேட்டதைப் பெற்றுத்தராவிட்டாலும் புறக்கணிப்பு ஓர் அரசாங்கத்தின் எலும்புக்கூட்டை விட்டுச் சென்றது. பிரகடனத்தை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

அரசருக்கு விசுவாசம், நாடாளுமன்றத்தோடு போர்

1775 ஜூன் 15-இல் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக நியமித்த காங்கிரஸ், பேரரசிலிருந்து பிரியும் எண்ணத்தில் ஆயுதம் எடுக்கவில்லை என்று ஜூலை 6-இல் அறிக்கையும் விட்டது. ஓராண்டுக்கும் மேல் இந்த இரட்டை நிலை நீடித்தது. பெரும்பாலோர் மனதுக்கு இசைந்த வழி இது. நடைமுறையில் மிக மோசமான வழியும் இதுதான்.

முதலில் வெடிமருந்து. 1774 அக்டோபரிலேயே காலனிகளுக்கு வெடிமருந்து ஏற்றுமதியை லண்டன் தடை செய்துவிட்டது. 1775 ஆகஸ்ட் தொடக்கத்தில் பாஸ்டனைச் சுற்றி நின்ற படையின் கையிருப்பைக் கணக்கெடுத்தபோது, ஆளுக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் இல்லை என்று தெரிந்தது. கரியும் கந்தகமும் கிடைத்துவிடும், வெடியுப்புதான் கிடைக்காது. உலகச் சந்தைக்குப் பெருமளவு வெடியுப்பு போனது பிகாரிலிருந்து, அது கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியில். தொழுவத்து மண்ணைக் காய்ச்சி வெடியுப்பு எடுக்கும் முறையை அச்சிட்டு விநியோகித்தார்கள், கொஞ்சம் தேறியது. ஆனாலும் போரின் முதல் இரண்டரை ஆண்டுகளில் பயன்பட்ட வெடிமருந்தில் சுமார் 90 சதவீதம் வெளியிலிருந்து வந்த தூள் அல்லது வெளியிலிருந்து வந்த வெடியுப்பில் அரைத்தது. வெடிமருந்து கொண்டுவரும் கப்பலுக்கு மட்டும் ஏற்றுமதித் தடையைத் தளர்த்தினார்கள். டச்சுத் தீவான சின்ட் யூஸ்டேஷியஸ் வழியாகவும் பிரெஞ்சுத் தீவுகள் வழியாகவும் அது வந்து சேர்ந்தது.

அடுத்தது சட்ட நிலை. விசுவாசமான குடிமகன் அரசரின் படையைச் சுட்டால் அவன் போர்க்கைதி அல்ல, துரோகி. 1775 செப்டம்பரில் மான்ட்ரியலில் பிடிபட்ட அமெரிக்கப் படைத்தலைவர் ஈதன் ஆலனை விலங்கு பூட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிரதிநிதிகளுக்கும் தூக்குமரம் நிச்சயம். விசுவாசம் என்று சொல்லிக்கொண்டதால் பாதுகாப்பு ஏதும் கூடவில்லை.

மூன்றாவது வெளிநாட்டு உதவி. நாளைக்கே அரசரோடு ராசியாகப் போகிறவர்களுக்காக பிரான்ஸ் ஏன் பிரிட்டனைப் பகைத்துக்கொள்ள வேண்டும்? இதைத்தான் 1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் தம் சிறு வெளியீட்டில் வாசகர் முகத்தில் அறைவதுபோல் எழுதினார். மன்னராட்சியைப் பற்றிய அவரது வசைகளையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். முடிவெடுக்க வேண்டியவர்களை அசைத்தது, அரசரின் குடிகள் என்று சொல்லிக்கொள்ளும்வரை எந்த நாடும் துணைக்கு வராது என்ற இந்த வறண்ட வாதம்தான் என்று தோன்றுகிறது.

நடுவழியைக் கடைசியில் மூடியது லண்டன்தான். 1775 டிசம்பர் 22-இல் நிறைவேறிய தடைச் சட்டம், காலனிகளின் கப்பல்களைப் பகைநாட்டுக் கப்பல்களாகக் கருதிப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. அரசரே தம் பாதுகாப்பை விலக்கிக்கொண்டார் என்று ஆடம்ஸ் வாதிட இதுவே போதுமானதாக இருந்தது. அடுத்து ஹெஸ்ஸே காஸெல், பிரன்ஸ்விக் முதலிய ஜெர்மானியச் சிற்றரசுகளோடு கூலிப்படை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1776 ஏப்ரல் 6-இல் பிரிட்டன் நீங்கலாக உலகத்துக்கே காங்கிரஸ் தன் துறைமுகங்களைத் திறந்துவிட்டது. பொருளாதாரத்தைப் பொறுத்தவரை அன்றே பிரிந்தாயிற்று.

பிரிவதென்றால் எந்த வரிசையில்?

1776 ஜூன் 7-இல் வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்ரி லீ வைத்த தீர்மானத்தில் மூன்று உறுப்புகள்: சுதந்திரம், வெளிநாட்டு உடன்படிக்கை, காலனிகளுக்குள் ஒரு கூட்டமைப்பு. அன்றைய சண்டை பெரும்பாலும் இந்த மூன்றின் வரிசையைப் பற்றியது. டிக்கின்சன் பிரிவையே எதிர்த்தவர்போல் பலர் எழுதுகிறார்கள். அவர் எதிர்த்தது முதலாவதை முதலில் செய்வதை.

அவரது வாதம் கனமானது. எல்லைத் தகராறுகள் தீரவில்லை. வயோமிங் பள்ளத்தாக்குக்காகப் பென்சில்வேனியாவும் கனெக்டிகட்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. பிரான்ஸ் என்ன தரும் என்று கேட்டறியாமல் அறிவித்துவிட்டால் பேரம் பேசக் கையில் ஒன்றும் மிஞ்சாது. வேறு தங்குமிடம் தேடிக்கொள்ளுமுன் குளிர்காலத்தில் வீட்டை இடிப்பதற்கு ஒப்பானது இது என்றார் அவர்.

எதிர்வாதம் நடைமுறையைப் பேசியது. அறிவிக்காதவரை பிரான்ஸ் வெளிப்படையாகக் கையெழுத்திடாது. கூட்டமைப்போ, பேசி முடிக்க ஆண்டுகள் பிடிக்கும். பிரிட்டிஷ் கடற்படை நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

நடந்ததைப் பார்த்தால் இரு தரப்பும் பாதி சரி. பிரான்ஸின் ரகசிய உதவிக்குப் பிரகடனம் தேவைப்படவே இல்லை. பிரெஞ்சு நாடகாசிரியர் பியூமார்ஷே நடத்திய போலி வணிக நிறுவனம் வழியாகப் பத்து லட்சம் லிவ்ரே தர லூயி 16 ஒப்பியது 1776 மே 2-இல், பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முன். வெளிப்படையான உடன்படிக்கைக்கோ பிரகடனம் மட்டும் போதவில்லை. சரடோகாவில் 1777 அக்டோபரில் ஒரு முழு பிரிட்டிஷ் படை சரணடைந்த பிறகே, 1778 பிப்ரவரி 6 அன்று பாரிஸில் கையெழுத்தானது.

கூட்டமைப்பு விஷயத்தில் ஆடம்ஸ் தரப்பின் கணிப்பு துல்லியம். டிக்கின்சனே எழுதிய வரைவு ஜூலை 12-இல் வந்தது. பெரிய மாநிலத்துக்கும் சிறியதற்கும் ஒரே வாக்கா, வரிப்பங்கைக் கணக்கிட அடிமைகளையும் எண்ணுவதா, மேற்கு நிலங்கள் யாருக்கு என்று மூன்று கேள்விகளில் அது சிக்கியது. காங்கிரஸ் ஏற்றது 1777 நவம்பர் 15-இல். மேற்கு நில உரிமையை வர்ஜீனியா விட்டுக்கொடுக்கும்வரை மேரிலாந்து ஒப்பவில்லை. அமலுக்கு வந்தது 1781 மார்ச் 1. டிக்கின்சன் கேட்ட வரிசையில் போயிருந்தால் போரைத் தீர்மானித்த யார்க்டவுன் வெற்றிக்கு ஏழு மாதம் முன்புதான் பிரகடனத்தைத் தொட்டிருப்பார்கள்.

வாக்கெடுப்பின் இயந்திரத்தையும் கவனிக்க வேண்டும். காலனிக்கு ஒரு வாக்கு. பிரதிநிதிகள் தம் சட்டசபையின் அறிவுறுத்தலை மீற முடியாது. பென்சில்வேனியா, மேரிலாந்து, நியூ ஜெர்சி, டெலவேர், நியூயார்க் ஆகியவை பிரிவுக்கு அதிகாரம் தரவில்லை. ஆகவே ஜூன் 10-இல் முடிவை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். அந்த அவகாசத்தில் அறிவுறுத்தல்கள் ஒவ்வொன்றாக மாறின. ஜூலை 1 முன்வாக்கெடுப்பில் ஒன்பது ஆதரவு. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு. டெலவேரில் ஒன்றுக்கு ஒன்று. நியூயார்க் கைகட்டி நின்றது. மறுநாள் சீசர் ராட்னி இரவெல்லாம் பயணம் செய்து வந்து டெலவேரைச் சாய்த்தார். டிக்கின்சனும் ராபர்ட் மோரிஸும் இருக்கையில் அமராமல் ஒதுங்கியதால் பென்சில்வேனியா மாறியது. ஒற்றுமைக்காகத் தென் கரோலினாவும் மாறியது. பன்னிரண்டுக்கு ஒன்றுமில்லை. நியூயார்க் ஜூலை 9-இல் சேர்ந்தது. தோற்பதாகத் தெரிந்தும் எதிர்வாக்குப் போடாமல் விலகிய இருவர் இல்லாவிட்டால் அந்த ஒருமனம் இல்லை.

இந்த வரிசையின் விலை

வரி போடும் அதிகாரம் இல்லாத ஒரு நாடு போருக்குப் போனது. காங்கிரஸ் தாள் பணம் அச்சடித்தது. 1775 ஜூனில் 20 லட்சம் டாலரில் தொடங்கி 1779 முடிவதற்குள் 20 கோடியைத் தாண்டியது. 1780 மார்ச்சில் 40 தாள் டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே மதிப்பைக் குறைத்தது. இறக்குமதிக்கு 5 சதவீதச் சுங்கம் கேட்டபோது, எல்லா மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்ற விதியால், 1782-இல் ரோட் ஐலண்ட் ஒன்றே அதைக் கவிழ்த்தது. டிக்கின்சன் பயந்த குளிர்காலம் இதுதான். அதைச் சரிசெய்ய 1787-இல் புது அரசியலமைப்பே எழுத வேண்டியிருந்தது.

பிரெஞ்சு உடன்படிக்கை போரை உலகமெங்கும் பரப்பியது. 1778 அக்டோபரில் புதுச்சேரி பிரிட்டிஷ் கையில் விழுந்தது. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையும் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்த பிறகே முற்றுகை நின்றது.

பின்வாங்கும் வாசலும் அடைபட்டது. 1778 கோடையில் லண்டன் அனுப்பிய கார்லைல் பிரபுவின் தூதுக்குழு, நாடாளுமன்ற வரி இல்லை, உள்ளாட்சி உரிமை முழுதும் உண்டு என்று, 1774-இல் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொண்டுவந்தது. ஆனால் பிரெஞ்சு உடன்படிக்கையைக் காங்கிரஸ் மே 4 அன்றே ஏற்றுவிட்டது. சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளுங்கள் அல்லது படையை விலக்குங்கள், பிறகு பேசலாம் என்பதே பதில். அந்தச் சலுகைகளைப் பெற்றுத் தந்தது மனு அல்ல, சரடோகா என்பதைக் கவனிக்க.

பிரியாதவர்கள்

பிரிட்டனுக்கு அமெரிக்கப் பகுதியில் இந்தப் பதின்மூன்று மட்டும் இல்லை. 1774 டிசம்பரில் ஜமைக்காவின் சட்டசபை காலனிகளுக்கு ஆதரவாக அரசருக்கு மனுவே எழுதியது. ஆனால் பிரியவில்லை. தீவின் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் அடிமைகள். அவர்கள் எழுந்தால் அடக்கப் பிரிட்டிஷ் படை வேண்டும். சர்க்கரைக்கும் பிரிட்டிஷ் சந்தையே கதி. நோவா ஸ்கோஷியாவில் ஹாலிஃபாக்ஸ் கடற்படைத் தளம் இருந்தது. கியூபெக்கின் கத்தோலிக்கர்களுக்கு 1774 சட்டம் மத உரிமை தந்திருந்தது. அவர்களைச் சேர்க்கப் போன அமெரிக்கப் படை 1775 டிசம்பர் 31 அதிகாலையில் கியூபெக் நகர வாசலில் தோற்றது.

கனடாவுக்குக் காலோவே கேட்டது போன்ற உள்ளாட்சி வந்து சேர்ந்தது, மெதுவாக. 1867-இல் கூட்டாட்சி, 1931-இல் சட்டமியற்றும் தன்னுரிமை, லண்டனைக் கேட்காமல் அரசியலமைப்பைத் திருத்தும் உரிமை 1982-இல். எட்டாண்டுப் போர் இல்லை, மதிப்பிழந்த பணம் இல்லை. ஆனால் அந்தப் படிகளை லண்டன் தானாக இறங்கி வந்து தரவில்லை. 1837-இல் இரண்டு கலகங்கள் நடந்தன. அடுத்து என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1774-இல் அப்படிக் காட்ட எதுவும் இல்லாத பதின்மூன்று காலனிகளுக்கு அதே பொறுமை அதே பலனைத் தந்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

நாட்டை விட்டு வெளியேறிய சுமார் 60,000 அரச விசுவாசிகளையும், விடுதலை தேடி 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் அரச ஆளுநர் டன்மோர் பிரபுவின் அறிவிப்பை நம்பிப் பிரிட்டிஷ் பக்கம் ஓடிய அடிமைகளையும், 1763-இல் அரசர் கிழித்த மேற்கு எல்லைக்கோடு அழிந்ததால் நிலம் இழந்த பழங்குடி நாடுகளையும் கேட்டால் ஒப்பீட்டின் விடை வேறாகத்தான் வரும். பிலடெல்பியா வாக்கெடுப்பில் அவர்களில் எவருக்கும் இடம் இல்லை.